ஒரே சாப்பாடு, இவருக்கு மட்டும் ஒன்றுமில்லை

கேள்வி: டொக்டர், நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். பேரன் பிறந்து முப்பத்தைந்து நாள். அவனைப் பார்க்க உறவுக்காரர் வந்தபோது, சமைக்க ஆளில்லாமல், கோழியும் மயோனைஸும் வைத்த சாண்ட்விச் வெளியே சொல்லி எடுத்தோம். காலை பத்து மணிக்கு வந்தது, ஒரு மணிக்குத்தான் சாப்பிட்டோம். அடுத்த நாள் விடிவதற்குள் சாப்பிட்ட பத்துப் பேரில் ஏழு பேருக்கு வயிற்றோட்டம், சத்தி, காய்ச்சல். சம்பந்தியம்மாவுக்குத்தான் மோசம். வைத்தியசாலையில் மூன்று நாள் சேலைன் ஏற்றினார்கள். மலப் பரிசோதனையில் சல்மொனெல்லா என்ற கிருமி என்று வந்தது. என் கணவர் மூன்று சாண்ட்விச் சாப்பிட்டவர், அவருக்கு ஒன்றுமே இல்லை. தம்பலகாமத்தில் கோழி, மாட்டோடு வளர்ந்த உடம்பு, அன்டிபொடி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். உண்மையா? மகளுக்கும் வயிற்றோட்டம். பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி அயலில் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கும் மகன், கிருமி குடலுக்குள் நுழையாமல் மறிக்கும் அன்டிபொடி கப்சியூல் என்று ஒரு படம் அனுப்பி, வாங்கி அனுப்பவா என்று கேட்கிறான். அன்டிபொடி இருக்கிறதா என்று எல்லோரும் இரத்தம் சோதித்துப் பார்க்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொன்னதை, இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக முதலில் எழுதிவிடுகிறேன். பாலை நிறுத்த வேண்டாம். வயிற்றோட்டம் உள்ள தாயும் பால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். கழிப்பறைக்குப் போய் வந்த பின்னும் பிள்ளையைத் தூக்கும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். தானும் நிறையக் குடிக்கட்டும். ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைப் பக்கெற்றில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் குடித்தால் நல்லது. ஆனால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த வயதில் சல்மொனெல்லா குடலோடு நிற்காமல் இரத்தத்தில் இறங்கிவிடக் கூடியது, சில வேளை மூளையுறை வரைக்கும் போய்விடும். நடுச்சாமம் என்றாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

சரி, இனி உங்கள் கணவருடைய அன்டிபொடிக்கு, அதாவது கிருமியை இனங்கண்டு பிடிக்க உடம்பு செய்யும் புரதத்துக்கு, வருவோம்.

அவர் சொல்வது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன் சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் வேறு இருக்கிறார்கள். முதலாவது, அளவு. மயோனைஸில் கிருமி சீராகக் கலந்திருக்காது. ஒரு சாண்ட்விச்சில் ஆயிரம் இருக்கும், பக்கத்தில் இருந்ததில் பல இலட்சம் இருக்கும். அவருடைய மூன்றும் நல்ல மூலையிலிருந்து வந்திருக்கலாம். இரண்டாவது, இரைப்பை அமிலம். வாயால் போகிற சல்மொனெல்லாவில் பெரும்பகுதி அந்த அமிலத்திலேயே செத்துவிடும். சம்பந்தியம்மா கேஸ்ட்ரைட்டிஸுக்குக் குளிசை எடுப்பவரா என்று தொலைபேசியில் நான் கேட்டது இதற்காகத்தான். நாலு வருடமாக ஒமிப்ரசோல் எடுக்கிறார் என்றீர்கள். அமிலத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இந்த மாதிரியான தொற்று வரும் வாய்ப்பு கூடுதல். வாசலில் காவல் குறைந்த வீடு மாதிரி. அதற்காக அவர் தானாகக் குளிசையை நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் இன்னும் தேவையா என்று கேட்கட்டும்.

அமிலத்தைத் தாண்டிய கிருமி என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பதில் விளங்கும்.

நமது சிறுகுடலின் உள்மேற்பரப்பு ஒரே ஒரு அடுக்குக் கலங்களால் ஆனது. இந்தியப் புத்தகங்களில் செல் என்று எழுதுவார்களே, அதுதான் கலம். இந்த ஒற்றை அடுக்குத்தான் வெளியுலகத்துக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர். சில நாளுக்கு ஒருமுறை பழைய கலம் உதிர்ந்து புதியது வந்துவிடும். சுவரின் மேல் வழுவழுப்பான சீதப் படலம் ஒன்று பூசியிருக்கும். சல்மொனெல்லாவுக்குச் சவுக்குமுளைகள் உண்டு, அவற்றைச் சுழற்றி நீந்தும். சீதத்துக்குள் இடைவெளி தேடி, சுவரை உரசிக்கொண்டே போகும். தோதான கலம் கிடைத்ததும் தன்னிடமுள்ள ஊசி போன்ற ஓர் அமைப்பைக் கலத்துக்குள் குத்தி, சில புரதங்களை ஏற்றும். நாங்கள் நோயாளிக்கு ஊசி போடுகிறோம், இது எங்களுக்கே ஊசி போடுகிறது. அந்தப் புரதங்கள் உள்ளே போனதும் கலத்தின் வெளிச்சவ்வு கொதிக்கிற பால் மாதிரிப் பொங்கி எழும்பி, கிருமியைத் தானே மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும். சில நிமிட வேலை. கலம் ஏமாந்துபோய்க் கதவைத் திறக்கிறது. இதைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. சிறுகுடலின் கடைப்பகுதியில் நிணநீர்க் கலங்கள் திரண்ட திட்டுகள் இருக்கின்றன. யொஹான் கொன்றாட் பேயர் என்ற சுவிஸ் வைத்தியர் 1677-இல் விவரித்ததால் பேயரின் திட்டு என்கிறோம். அவற்றின் மேலிருக்கும் ‘எம்’ (M) என்ற வகைக் கலங்களின் வேலையே குடலில் ஓடுவதில் கொஞ்சம் அள்ளி உள்ளே காட்டுவது. சல்மொனெல்லா அந்த வாசலையும் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறது.

உள்ளே போன பிறகு நடப்பதைத்தான் உங்கள் வீட்டில் ஏழு பேர் அனுபவித்தீர்கள். வெள்ளையணுக்கள் ஓடி வரும், குடல் சுவர் வீங்கும், தண்ணீர் கொட்டும், காய்ச்சல் காயும்.

பள்ளிக்கூடத்தில் பிறபொருளெதிரி என்று படித்த அன்டிபொடி எங்கே வருகிறது? அநேகமானவர்கள் அதை இரத்தத்தில் ஓடும் பொருளாகவே நினைக்கிறார்கள். உண்மையில் உடம்பு மிக அதிகமாகச் செய்யும் பிறபொருளெதிரி ஐ.ஜி.ஏ. என்ற வகை, அதில் பெரும்பங்கு குடலுக்குத்தான் போகிறது. வளர்ந்த ஒருவரின் குடலுக்குள் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை ஊற்றப்படுகிறது. குடல் சுவரின் பின்புறத்தில் இருக்கும் கலங்கள் அதைச் செய்கின்றன. இரண்டிரண்டாக ஒரு சிறு புரதத்தால் பிணைத்து விடுவதால், ஒவ்வொரு சோடிக்கும் பிடிப்பதற்கு நான்கு கைகள். ஆனால் செய்த இடம் சுவருக்குப் பின்னால், வேலை சுவருக்கு முன்னால். எப்படிக் கடப்பது?

2009-இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து இக்கரைக்கு நாங்கள் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில், ஏறித்தானே வந்தோம், அப்படித்தான் இதுவும். குடல் கலத்தின் பின்புறத்தில் ஒரு வாங்கிப் புரதம் காத்திருந்து ஐ.ஜி.ஏ.-ஐ ஏற்றிக்கொண்டு, கலத்துக்குள்ளாகவே கடந்து, மறுகரையில் இறக்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், இறங்கும்போது ஐ.ஜி.ஏ. அந்தப் பாதையில் ஒரு பலகையையும் பிய்த்துக்கொண்டே இறங்குகிறது. அந்தப் பலகை வீண் போவதில்லை. குடலின் செரிமான நொதிகள் ஐ.ஜி.ஏ.-ஐ அரித்துவிடாமல் காப்பதும், அதைச் சீதப் படலத்தில் தங்க வைப்பதும் அதுதான். படித்து எத்தனையோ வருடமாகியும் எனக்கு இதில் ஆச்சரியம் தீரவில்லை.

சீதத்தில் காத்திருக்கும் இந்தப் பிறபொருளெதிரி கிருமியைக் கொல்வதில்லை. பலர் எதிர்பார்க்காத சங்கதி இது. அது மறிக்கிறது, அவ்வளவுதான். எப்படி மறிக்கிறது என்பதை ஆய்வாளர்கள் துண்டு துண்டாகக் கண்டுபிடித்தார்கள். சல்மொனெல்லாவின் மேலுறையில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொள்ளும் ஐ.ஜி.ஏ. ஒன்றை வைத்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று, அது பட்டதுமே கிருமி நீந்த முடியாமல் போவதையும், கலத்துக்குள் நுழைவதைத் தடுக்க அதுவே போதும் என்பதையும் காட்டியது. சவுக்குமுளையை அது தொடவே இல்லை, மேலுறையைத்தான் பிடித்தது. ஆனாலும் நீச்சல் நின்றது. 2017-இல் சூரிச்சில் எலிகளை வைத்துச் செய்த வேலை இன்னொன்றைச் சொன்னது. ஒரு பற்றீரியா இரண்டாகப் பிரியும்போது, ஐ.ஜி.ஏ. இருந்தால் தாயும் சேயும் விலகிப் போக முடியாமல் ஒட்டியே நிற்கின்றன. அவை மறுபடி பிரிந்தால் நான்கும் ஒரே கொத்து. இப்படித் திரண்ட கட்டி சுவரை அணுக முடியாமல் மலத்தோடு போய்விடும். கிருமியின் பெருகும் வேகமே அதற்கு விலங்காகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இவை இரண்டுக்கும் முந்தியது, 1992-இல் வந்தது. சல்மொனெல்லாவுக்கு எதிரான அதே ஐ.ஜி.ஏ.-ஐச் சுரக்கும் கலங்களை எலிகளின் முதுகில் கட்டியாக வளர்த்தார்கள். பிறபொருளெதிரி அங்கிருந்து இரத்தம் வழியாகக் குடலுக்கு வந்து சேர்ந்தது. அந்த எலிகளுக்கு வாய்வழியாகச் சல்மொனெல்லா கொடுத்தபோது அவை தப்பின. அதே கிருமியை வயிற்றறைக்குள் ஊசியால் ஏற்றியபோது தப்பவில்லை. பிறபொருளெதிரி அதேதான், கிருமியும் அதேதான், நுழைந்த வழிதான் வேறு. குடல் வாசலில் நின்று மறிப்பதுதான் இதன் தொழில், வீட்டுக்குள் புகுந்த பிறகு துரத்துவது வேறு ஆட்களின் பொறுப்பு. கப்சியூல் கேள்விக்குப் பதிலில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பரிசோதனையில் இன்னொரு பாடமும் உண்டு. மேலுறைச் சர்க்கரையில் ஒரு சின்ன இரசாயனத் தொகுதி மாறிப்போன சல்மொனெல்லாவை இந்தப் பிறபொருளெதிரியால் பிடிக்க முடியவில்லை. பூட்டில் ஒரு பல் மாறினால் சாவி வேலை செய்யாது. சல்மொனெல்லாவில் மேலுறை, சவுக்குமுளை வேறுபாடுகளை வைத்துப் பிரித்த வகைகள் 2,500-க்கு மேல் இருக்கின்றன. ஆகவே உங்கள் கணவர் தம்பலகாமத்து முற்றத்தில் பத்து வயதில் சந்தித்த சல்மொனெல்லாவும் இந்த மயோனைஸில் வந்ததும் ஒரே குடும்பமாக இருந்தால் அவர் வாதம் நிற்கும். இல்லாவிட்டால் அதிர்ஷ்டம்தான். நான் பந்தயம் கட்டுவதென்றால் அவருடைய அமிலத்தின் மேலும் அந்த மூன்று சாண்ட்விச் வந்த மூலையின் மேலும்தான் கட்டுவேன்.

அவருக்கு ஒன்றுமில்லை என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வயிற்றோட்டம் வராதவரும் கிருமியைச் சுமக்கலாம், வாரக்கணக்கில் மலத்தில் வெளியேற்றிக்கொண்டே இருக்கலாம். இந்த வீட்டில் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்களில் மிகவும் கவனமாகக் கை கழுவ வேண்டியவர், தனக்கு ஒன்றுமில்லை என்று திரிகிற அவர்தான். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

பேரன் ஏன் தப்பினான்? அவன் சாண்ட்விச் சாப்பிடவில்லை, முதல் காரணம் அதுதான். ஆனால் நோய்ப்பட்ட தாயின் மடியிலேயே இருந்தும் இதுவரை தப்பியிருப்பதில் பாலுக்கும் பங்கு இருக்கலாம். முப்பத்தைந்து நாள் குழந்தையின் குடல் தனக்கான ஐ.ஜி.ஏ.-ஐ இப்போதுதான் செய்யப் பழகுகிறது. அந்த இடைவெளியைத் தாய்ப்பால் நிரப்புகிறது. பிறந்த முதல் நாட்களின் சீம்பாலில் ஐ.ஜி.ஏ. மிக அதிகம். பிறகு குறைந்து, முதிர்ந்த பாலில் லீற்றருக்கு ஏறக்குறைய 1 கிராம் அளவில் நிற்கும். அதே சோடி, அதே நான்கு கைகள், அதே பலகை. தாயின் குடலில் ஒரு கிருமியைச் சந்தித்துப் பயின்ற கலங்களில் சில மார்புக்கும் போய் உட்கார்ந்து கொள்கின்றன. அதனால் உங்கள் மகள் இதுவரை இந்த ஊர்த் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் சந்தித்த கிருமிகளுக்கு எதிரானவைதான் அவள் பாலில் இருக்கும். எந்தக் கம்பனியின் பால்மாவிலும் அந்தப் பட்டியல் கிடையாது. இந்தச் சல்மொனெல்லாவுக்கென்று புதிதாக ஒன்று செய்ய அவள் உடம்புக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் பிடிக்கும். அதுவும் பாலில் வரும். இந்த நேரத்தில் பாலை நிறுத்தச் சொல்வது, ஆயுதம் வந்து இறங்குகிற நேரத்தில் வாசலைப் பூட்டுகிற மாதிரி. பால்மாப் போத்தலோடு தண்ணீர், முலைசூப்பி என்று கிருமி வருவதற்குப் புதிய வழிகளும் திறக்கும்.

இனி மகன் அனுப்பிய கப்சியூல். எல்லாமே ஏமாற்று என்று ஒதுக்கிவிடலாம் என்றுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆனால் அடிப்படையில் உண்மை இருக்கிறது. பசுக்களுக்கு ஒரு கிருமிக்கு எதிராகத் தடுப்பூசி போட்டு, அவற்றின் பாலிலிருந்து பிறபொருளெதிரியைப் பிரித்தெடுத்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், பயணிகளுக்கு வயிற்றோட்டம் தரும் ஒரு வகை ஈ. கோலை பற்றீரியாவைத் தொண்டர்கள் வேண்டுமென்றே குடித்தார்கள். அந்தப் பால் பொருளை எடுத்த 10 பேரில் ஒருவருக்கும் வயிற்றோட்டம் வரவில்லை, எடுக்காத 10 பேரில் 9 பேருக்கு வந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் விஷயம் தெளிவு. இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். பிறபொருளெதிரி கிருமிக்கு முன்பே குடலில் இருந்தது. அதே கிருமிக்கென்றே செய்யப்பட்டதாகவும் இருந்தது. மகன் அனுப்பிய போத்தலில் எந்தக் கிருமிக்கு எதிரானது என்று ஒரு சொல்லும் இல்லை, கிருமியோ உங்கள் வீட்டாரின் குடல் கலத்துக்குள் போய்ப் பல நாளாகிவிட்டது. அந்தக் காசுக்கு அவன் ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் வாங்கித் தரட்டும்.

இந்தத் துறை நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒட்டக இனத்து விலங்குகளின் இரத்தத்தில் சாதாரணமானதைவிட எளிமையான, சிறிய பிறபொருளெதிரிகள் இருப்பதை 1993-இல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவற்றிலிருந்து எடுத்த சிறு துண்டுகளை லிஸ்ரீரியா என்ற இன்னொரு உணவுக் கிருமியிடம் சோதித்திருக்கிறார்கள். லிஸ்ரீரியா ஊசி போடுவதில்லை. தன் மேலுள்ள ஒரு புரதத்தால் கலத்தின் கதவிலிருக்கும் வாங்கியைப் பிடித்து உள்ளே போகிறது. அந்தப் பிடியில் இந்தத் துண்டு குறுக்கே உட்கார்ந்துவிட்டால் கிருமி வெளியே நிற்கிறது. ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் இது நடந்தது, மனிதரின் குடலுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகக் கூடிய கிருமி இந்த லிஸ்ரீரியா, கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது. அதனால் அந்த ஆய்வுகளை நான் ஆவலோடு வாசிக்கிறேன்.

இரத்தப் பரிசோதனை வேண்டாம். கேட்டால் வைடால் என்று ஒன்று செய்து தருவார்கள். அது 1896-இல் நெருப்புக்காய்ச்சலுக்காக (டைபொயிட், அதுவும் ஒரு வகைச் சல்மொனெல்லா தருவதுதான்) வந்த பழைய சோதனை, இரத்தத்தில் உள்ளதைப் பார்ப்பது. குடலின் சீதத்தில் என்ன நிற்கிறது என்று அது சொல்லாது. எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் பொசிட்டிவ் காட்டி உங்களைப் பயமுறுத்தும். மலப் பரிசோதனை செய்தாகிவிட்டது, சரியான சோதனை அதுதான். நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசியும் இதற்கு உதவாது. அந்த ஊசி குறிவைக்கும் உறை இந்த வகைச் சல்மொனெல்லாவுக்குக் கிடையாது.

கடிதத்தின் ஓரத்தில் மருமகன் ஃபார்மசியில் சிப்ரோ என்ற நுண்ணுயிர்க்கொல்லி வாங்கிக் குடித்தார் என்று எழுதியிருந்தீர்கள். திடகாத்திரமான ஆளுக்கு இந்த வயிற்றோட்டம் ஒரு வாரத்துக்குள் தானாக நிற்கும். நுண்ணுயிர்க்கொல்லி அதைப் பெரிதாகக் குறுக்காது, கிருமி மலத்தில் போகும் காலத்தை நீட்டவும் கூடும். சம்பந்தியம்மாவைப் போன்ற வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வேறு நோயுள்ளவர்களுக்கும் கொடுப்பதா என்று தீர்மானிப்பது வைத்தியர். மருமகனிடம் இனி இப்படிக் குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் அந்தச் சாண்ட்விச். கச்சான் காற்று அடிக்கும் இந்த மாதங்களில் நம் ஊரில் பகல் வெக்கை 32 பாகையைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் இப்படியான சாப்பாட்டை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. உங்கள் மேசையில் மூன்று மணித்தியாலம் இருந்திருக்கிறது. தோதான சூட்டில் சல்மொனெல்லா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று வைத்தால், மூன்று மணித்தியாலத்தில் ஒன்று 512 ஆகும். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் என்றால் தொடக்கமே ஒன்றாக இருந்திருக்காது. செய்தவர்கள் பக்கத்தில் பிழை இருக்கலாம், ஆனால் அந்த மூன்று மணித்தியாலம் உங்களுடையது. கோபிக்க வேண்டாம்.

உணவு நஞ்சாதல் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. வைத்தியசாலையிலிருந்து தகவல் போயிருக்கும், பொதுச் சுகாதார பரிசோதகர் வீட்டுக்கு வருவார். யாரையோ காட்டிக் கொடுக்கிறோம் என்று நினைக்காமல் எங்கே எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், அன்று அதே மயோனைஸ் வேறு வீடுகளுக்கும் போயிருக்கும். தொலைபேசியில் கேட்க மறந்தது ஒன்று: மிச்சம் இன்னும் ஃப்ரிட்ஜில் இருந்தால் அவர் வந்து மாதிரி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், முற்றத்துக் கோழிக்குப் போட வேண்டாம்.